வீட்டில் ஒருவர் சும்மா இருக்கலாம்

விருத்தாசலம்
3 மார்ச் 2024

மரியே வாழ்க!

அன்புள்ள டோமினிக் அண்ணனுக்கு ஜெசி எழுதுவது. இங்கே மூவரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு உன்னால் பெருமை, எனக்கு எல்லாவற்றாலும் எரிச்சல். மற்றபடி நலம். மலைக் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது?

சாமியார் பயிற்சி தருகிற உங்கள் நவதுறவகத்தில் போன் கூடாது என்பதால் இந்தக் காலத்தில் ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் எழுதுகிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பீங்கான் தொழில்நுட்ப மேல்படிப்புக்கு நான் ஆசைப்பட்ட மூன்று இடங்களும் கையை விரித்துவிட்டன. ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி 'மிகவும் வருந்துகிறோம்' என்று எழுதியிருக்கின்றன. வருந்தியவர்கள் யாரும் என் கட்டுரையைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று போட்டு வைத்த கோயம்புத்தூர் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் மட்டும் மறுநாளே 'வாங்க வாங்க' என்கிறது. கேட்டவுடன் கிடைக்கிற இடத்தை எப்படி மதிப்பது? போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். லேபில் ஓர் உலை இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஆயுத பூஜைக்குச் சந்தனம் மட்டும் வைத்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டிய பேராசிரியர் அதன் மேல் தன் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, "வெரி அட்வான்ஸ்டும்மா" என்றார்.

ஏப்ரல் இருபதுக்குள் சேருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். சேராவிட்டால் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து அந்த மூன்றுக்கும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்பா கேட்கிறார்: "மண்ணு சுட்டா ஏன் வெடிக்குதுன்னு தெரிஞ்சிக்க ஜப்பானுக்கா போவணும்? நம்ம யூனிட்டாண்ட வந்து நில்லு, தெரியும்." அவர் யூனிட்டில் இத்தனை வருடமாகப் பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள் சூளையில் வெடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஏன் என்று அவருக்கும் தெரியாது. நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை
ஜெசி

ஏற்காடு
13 மார்ச் 2024

இயேசுவில் அன்பான தங்கை ஜெசிக்கு,

இறையருளால் சுகம். இருமல் தேவலை. இங்கே மணி அடித்தால் எழுகிறோம், மணி அடித்தால் உண்கிறோம், மணி அடித்தால் பேச்சை நிறுத்துகிறோம். மணி அடிக்காமல் நான் செய்வது இருமல் ஒன்றுதான். வருகிற கடிதங்களை எங்கள் ஆசிரியரான ஃபாதர் வாசித்துவிட்டுத்தான் தருவார். டிபன் பாக்ஸ் வரியில் சிரித்தாராம்.

கோயம்புத்தூரில் சேர்ந்துவிடு, ஜெசி. நல்ல உலை, கெட்ட உலை எல்லாம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். சீக்கிரம் ஹாஸ்டலுக்குப் போய்விடுவது நல்லது. வீட்டில் இருந்தால் படிப்பு ஓடாது.

என் கட்டில் அதே இடத்தில்தானே கிடக்கிறது? என் ஜீன்ஸ், சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே? பைக்கை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வை, பேட்டரி போய்விடும். மே 31 எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாழ்வேன் என்று வாக்குக் கொடுக்கிற நாள். அதை எடுக்க விருப்பம் என்று ஏப்ரல் கடைசிக்குள் அவரவர் கைப்பட எழுதித் தர வேண்டும். எனக்காகச் செபித்துக்கொள். இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

அம்மாவின் முட்டியை விசாரித்ததாகச் சொல்.

டோமினிக்

விருத்தாசலம்
21 மார்ச் 2024

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். நீ சுகம் என்பதை நானும் அறிந்தேன், தெருவும் அறிந்தது.

'உனக்கு மட்டும்' என்று எழுதினாயே, பாவம் நீ. கவரின் மேல் என் பெயர் இருந்தால் என்ன, சாமியார் கடுதாசி பொதுச்சொத்து. நம் அப்பா திருவாளர் செல்வநாதன் அதைப் பிரிக்காமல் மாதா படத்துக்கு அடியில் வைத்திருந்து, தெருக் குடும்பங்கள் எல்லாம் அன்பியச் செபக் கூட்டத்துக்கு வந்து பாய் விரித்து உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, உரக்க வாசித்தார். கோயில் பூசையில் நிருபம் வாசிக்கிற அதே குரல்.

கட்டில் வரி வந்ததும் பக்கத்து வீட்டுத் தெரசம்மா அழுதுவிட்டார். "வெறுந்தரையில படுக்குற புள்ள, கட்டில நெனச்சிக்குது பாருங்க!" ஜீன்ஸ் வரிக்கு அப்பாவே விளக்கம் சொன்னார்: "துணிமணி மேல இருக்குற பற்ற ஒண்ணொண்ணா சொல்லிச் சொல்லி அறுக்குறான்." உன் ஜீன்ஸையெல்லாம் அவர் தவக்காலக் காணிக்கையில் போட்டுப் பல நாள் ஆகிறது. பைக்கை மாமா பெண்ணாடத்துக்கு ஓட்டிப் போய்விட்டார், கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் புழுதி தின்கிறது. கட்டில் முழுக்க என் புத்தகங்கள். துறவிக்கு எதற்கண்ணா ஜீன்ஸ்? போட்டுக்கொண்டு யாருக்குப் பிரசங்கம் செய்யப் போகிறாய்?

சேர்ந்துவிடு என்று நீயும் சொல்கிறாய். அப்பா சொல்வது புரிகிறது, அவருக்கு ஃபியூஸ் கேரியரைத் தாண்டி உலகம் இல்லை. உனக்கு என்ன அவசரம்?

ஜெசி

ஏற்காடு
4 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை ஜெசிக்கு,

உங்கள் அனைவருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். இங்கே அனைவரும் நலம். துணிகள் பற்றிய செய்திக்கு நன்றி.

உன் கேள்விக்குப் பதில். மூன்று இடங்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. அதைப் பதில் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் எல்லாரும் முட்டாள்கள், நீ ஒருத்திதான் அறிவாளி என்று இன்னொரு வருடம் நிரூபித்துக்கொண்டிருக்கப் போகிறாயா? நீ கேலி செய்கிற அந்தக் காலேஜிலும் உன்னைவிட நன்றாகப் படிக்கிற நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் சத்தம் போடாமல் படித்துவிட்டுப் போவார்கள். உனக்கு வேண்டியது படிப்பா, பேரா? வேலை வெட்டி இல்லாமல் வயது வந்த பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அப்பாவால் தாங்க முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சேர்ந்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. சீக்கிரம் எழுது.

டோமினிக்

விருத்தாசலம்
11 ஏப்ரல் 2024

அண்ணனுக்கு,

சுகம். சுகம் இல்லாவிட்டாலும் உனக்குச் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தை அப்பா ராகம் போட்டு வாசித்தார். 'உனக்கு வேண்டியது படிப்பா, பேரா' என்ற இடத்தை, கேட்காதவர்களுக்காக இரண்டாவது முறையும் வாசித்தார். பாயில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. "அண்ணங்காரன் எவ்ளோ பொறுப்பா எழுதியிருக்கான் பாரு" என்றார் தெரசம்மா. அவர் மகன் ப்ளஸ் டூவை மூன்று தவணையில் முடித்தவன்.

நீ எனக்குப் புத்தி சொல்கிறாயா? வயிற்றுக்கு மணி, தூக்கத்துக்கு மணி. உடுத்த வெள்ளை அங்கி, செத்தால் மோட்சம். உன்னைவிடப் பத்திரமான சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பி.காம். முடித்து வேலை கிடைக்காமல் ஒரு வருடம் அப்பாவிடம் திட்டு வாங்கினாய், பிறகு திடீரென்று தேவ அழைத்தல் வந்துவிட்டது. அழைத்தது தேவன்தானா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். நீ சேர்ந்த இடமும் கேட்ட மறுநாளே 'வாங்க வாங்க' என்றதுதானே?

நான் பயந்து போய் எதிலும் ஒதுங்க மாட்டேன். எனக்கு அந்த மூன்றில் ஒன்று வேண்டும். மண் ஏன் வெடிக்கிறது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

இதையும் உன் ஃபாதர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

ஜெசி

ஏற்காடு
17 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜெசிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. ஃபாதர் வாசித்துவிட்டுத்தான் தந்தார்.

நீ எழுதியதற்கு நான் வாதம் செய்யப் போவதில்லை. போகிறாயா, வீட்டில் இருக்கிறாயா என்று மட்டும் எழுது. இருபத்தைந்துக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி எழுது. அதன் பிறகு எழுதிப் பயனில்லை.

டோமினிக்

விருத்தாசலம்
20 ஏப்ரல் 2024

மரியே வாழ்க!

அன்புள்ள அண்ணனுக்கு, எல்லோரும் சுகம். எனக்கு இன்று கூடுதல் சுகம். நீ கேட்டபடி உடனே எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

கோயம்புத்தூருக்கு 'வரவில்லை' என்று காலையில் மெயில் போட்டுவிட்டேன். அப்பா குதித்தார் பார், தெருவுக்கே கேட்டிருக்கும். "ரெண்டு கழுதைங்கள பெத்து ரெண்டையும் வூட்ல கட்டிப்போட்டு தீனி போடவா?" என்றார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. நான் கேட்டேன்: "ரெண்டு எங்கப்பா இருக்குது? ஒண்ணதான் ஆண்டவருக்குக் குடுத்துட்டீங்களே? ஊர்ல எவனுக்கு அந்தப் பெரும இருக்குது? அதுக்காவவாவது இன்னொண்ணு ஒரு வருஷம் சும்மா இருக்கக் கூடாதா?"

மனிதர் அப்படியே அடங்கிப் போனார், அண்ணா. கொஞ்ச நேரம் மாதா படத்தையே பார்த்தார். பிறகு, "செரி. அவன் வார்த்தப்பாடு குடுக்குறான், அவன் மொகத்துக்காவ உட்றேன். வூட்ல ஒருத்தர் சும்மா இருக்கலாம். ஒருத்தர்தான்" என்றார். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து என் நெற்றியில் சிலுவை போட்டார்.

உன் வார்த்தைப்பாடு எனக்கு இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. மே 31-க்கு வேன் பேசியாகிவிட்டது. எல்லோரும் வருகிறோம்.

நன்றியுடன்
ஜெசி

ஏற்காடு
8 மே 2024

அன்புள்ள அப்பா, அம்மா, தங்கை ஜெசிக்கு,

இறைவனின் ஆசியால் நலமாக இருக்கிறேன். வார்த்தைப்பாட்டுக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். வேனில் வருகிறவர்களுக்கு மலைப்பாதையில் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் எடுத்து வாருங்கள்.

ஜெசி நன்றாகப் படிக்கட்டும்.

சகோ. டோமினிக்

விருத்தாசலம்
5 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். தெரசம்மா எலுமிச்சம்பழத்தையும் மீறி மூன்று இடத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். அப்பா ஜங்ஷன் ரோட்டில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். உன் படம் சிறியது, 'இவண்: செல்வநாதன் குடும்பத்தினர்' என்று போட்டு அவர் கைகூப்பி நிற்கிற படம் பெரியது. வார்த்தைப்பாடு கொடுத்தது யார் என்று வழிப்போக்கர்கள் குழம்புகிறார்கள்.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் உன் கூட்டாளி இனியவன் எனக்குக் குழம்பு ஊற்றினார். "நீங்கதான் தங்கச்சியா? டோமினிக் அண்ணன் போயிடுவாருன்னுதான் நாங்க எல்லாம் நெனச்சோம். 'தங்கச்சி காலேஜுக்குக் கெளம்பிடுச்சின்னா நான் வூட்டுக்குப் போயிடுவேன், ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா அப்பா தாங்க மாட்டாரு'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. அப்பறம் என்னமோ மனசு மாறிட்டாரு" என்றார். ரசம் வேண்டுமா என்றும் கேட்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

கட்டிலையும் துணியையும் அதற்காகத்தான் கேட்டாயா? சீக்கிரம் எழுது, சீக்கிரம் எழுது என்றது அதற்காகத்தானா? நான் உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன், அண்ணா. போதாததற்கு உன்னை அடகு வைத்து அப்பாவிடம் ஒரு வருடம் வாங்கிவிட்டு உனக்கே நன்றியும் எழுதினேன். உண்மையா இல்லையா என்று எழுது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெசி

பெங்களூரு
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அனைவருக்கும்,

நலம், நலமறிய ஆவல். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே தத்துவப் படிப்பு தொடங்கிவிட்டது. வார்த்தைப்பாடு ஒரு வருடத்துக்கானது, ஒவ்வொரு மே மாதமும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருவார்கள்.

ஜெசி கேட்டதற்கு: இனியவன் நிறையப் பேசுவார். அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பங்களைக் கவனமாக எழுது.

சகோ. டோமினிக்

விருத்தாசலம்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு முட்டியில் ஊசி போட்டிருக்கிறது, நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. ஜெர்மனியும் அமெரிக்காவும் மறுபடி வருந்துகின்றன. ஜப்பான் மட்டும் வெயிட்டிங் லிஸ்டில் வைத்திருக்கிறது. ஜூலையில்தான் சொல்வார்களாம். கோயம்புத்தூர்க்காரர்கள் வெட்கமே இல்லாமல் இந்த வருடமும் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

நான் கோயம்புத்தூருக்குப் போகிறேன். ஜப்பானுக்கு 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். ஜூலை வரை நான் இங்கே உட்கார்ந்திருந்தால் மே மாதம் நீ மறுபடி புதுப்பித்துவிடுவாய். இனியவன் பொய் சொல்லவில்லை. நான் மே மாதமே ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறேன், வீடு காலியாகிவிடும். நீ புதுப்பிக்காதே. வந்துவிடு. உனக்கு நான் செய்ததற்கு இதைத்தான் என்னால் செய்ய முடியும். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஜெசி

பெங்களூரு
8 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெசிக்கு,

நலம். அம்மா நடக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. உன் கடிதத்தைப் படித்து முதலில் கண் கலங்கினேன். இரண்டாவது முறை படித்ததும் எரிச்சல் வந்தது.

தியாகமாம், தியாகம்! ஜூலையில் இன்னொரு 'வருந்துகிறோம்' வந்துவிடுமோ என்று உனக்கு உதறல் எடுக்கிறது. அதை மறைக்க என்னைப் போர்த்திக்கொள்கிறாய். ஜப்பான்காரன் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்வதென்றால் அவன் சொல்லட்டும், அவன் வேலையை நீ ஏன் செய்கிறாய்? அந்த மெயிலை அழித்துவிடு. பயந்து போய் ஒதுங்க மாட்டேன் என்று எனக்கு எழுதியவள் நீ. அந்த வாய்க்கொழுப்பை நான் மதித்தேன். இந்த அழுகுணித்தனத்தை மதிக்க முடியவில்லை.

இனியவன் சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனால் அதில் உன் தப்பு பாதிகூட இல்லை. மீசை முளைத்த ஆள், தங்கை எப்போது வீட்டைக் காலி செய்வாள் என்று மலைமேல் உட்கார்ந்து காத்திருந்தால், அவனைப் பற்றி என்னவென்று நினைப்பது? எங்கள் இல்லத் தலைவரான ரெக்டரைப் பார்த்துப் பேசிவிட்டேன். நான் புதுப்பிக்கவில்லை. ஜூன் முதல் வாரம் வீட்டுக்கு வருகிறேன். நீயும் வீட்டிலேயே இரு. புத்தகங்களைக் கட்டிலிலிருந்து எடுக்க வேண்டாம், நான் பாயில் படுத்துக்கொள்வேன்.

இனி எழுதுவது உனக்கு அல்ல.

அன்புள்ள அப்பாவுக்கு, இந்தக் கவரை நீங்கள்தான் வெட்டியிருப்பீர்கள். அன்பியத்தில் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த இடத்துக்கு வருவதற்குள் உங்களுக்கு இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடத் தோன்றியிருக்கும். மடிக்காதீர்கள், எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேரில் சொல்ல எனக்குத் துணிவு வந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். உங்கள் குரலுக்குப் பயந்துதான் நான் போனேன், உங்கள் குரலுக்குப் பயந்துதான் ஒரு வருடமாகத் திரும்பி வராமல் இருக்கிறேன்.

இந்த ஜூனில் உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் சும்மா இருப்பார்கள். நான் வேலை தேடுவேன், அவள் ஜப்பானுக்குக் காத்திருப்பாள். ஒருவர்தான் என்ற உங்கள் சட்டத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மீறுகிறோம். யாரை முதலில் திட்டுவது என்று மெதுவாக யோசித்துக்கொள்ளுங்கள். அம்மா எங்களுக்குச் சோறு போடுவார்.

தெரசம்மா அக்காவுக்கும் பாயில் இருக்கிற மற்றவர்களுக்கும் என் வணக்கம். செல்வநாதன் மகன் சாமியார் ஆகாமல் திரும்பி வருகிறான் என்று நீங்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டிய சிரமம் இனி இல்லை. அப்பாவே தன் வாயால் உரக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் மகன்
டோமினிக்